இரண்டாம் வெர்ஷன் பக்கத்தில் ஓஸ்வால்ட் நம்பர்

ஜூலியா அக்காவுக்கு ஆபீஸில் என்ன வேலை என்று அவர் வீட்டு ஆட்களைக் கேட்டால் உருப்படியான பதில் வராது. மகள் நிக்கோல், "அம்மா ஐடி" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாள். கணவர் ஓஸ்வால்ட் அண்ணா, "டைப்பிங் மாதிரிதான், கொஞ்சம் பெரிய டைப்பிங்" என்பார். பெங்களூர் ஜீவனஹள்ளியில் பதினான்கு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்குத்தான் அது என்ன வேலை என்று தெரியும். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அவர் மேஜைக்கும் என் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் நாலடிச் சந்துதான் இருக்கிறது. நான் காதைப் பொத்திக்கொண்டா சமைக்க முடியும்?

அவர் கம்பெனி ரெடிமேட் புரோகிராம் செய்து கொடுக்கிறது. அதற்கு லைப்ரரி என்று பேர். புத்தகம் ஒன்றும் கிடையாது. நாம் கடையில் இட்லி மாவு பாக்கெட் வாங்குகிறோமே, அது மாதிரி. பல் டாக்டருக்கும் ஸ்கேன் சென்டருக்கும் புரோகிராம் எழுதுகிறவர்கள் தாங்களே ஊறவைத்து அரைக்காமல், இந்த மாவை வாங்கித் தங்கள் புரோகிராமில் ஊற்றிக்கொள்வார்கள். உடனே நோயாளி போனுக்கு, நாளைக்கு இத்தனை மணிக்கு வாங்க என்று தானாக மெசேஜ் போகும். பாக்கெட்டின் பின்னால் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்று போட்டிருப்பார்கள் இல்லையா, அதை எழுதுவது ஜூலியா அக்கா. மாவு அரைக்கிற பையன்கள் திடீரென்று ஒரு நாள் அரிசியை மாற்றுவார்கள். உப்பை அவர்களே போட்டுவிடுவார்கள். யாரிடமும் சொல்ல மாட்டார்கள். பின்பக்கத்தில் பழையபடி ஒரு ஸ்பூன் உப்பு என்றே இருந்தால் சாப்பிடுகிறவன் வாய் என்ன ஆகும்? அந்தப் பின்பக்கம் உள்ளே இருக்கிற மாவை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்வதுதான் பத்து வருடமாக அக்காவின் வேலை.

அதற்கு முன்னால் ஒரு சர்ச் ஸ்கூல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தார். நாற்பத்தேழு வயதில் இந்தக் கம்பெனிக்குப் போனபோது கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் கிடையாது. நல்ல இங்கிலீஷும் ஒரு பிடிவாதமும் மட்டும் இருந்தன. செய்து பார்க்காததை எழுத மாட்டேன் என்பதுதான் அந்தப் பிடிவாதம். இன்டர்நெட்டில் அவர் எழுதிப் போடும் ஒரு பக்கத்தில் உதாரணம் கொடுக்க வேண்டும் என்றால், முதலில் அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார். ஓடினால்தான் பக்கத்தில் ஏறும். எல்லாரும் இப்படித்தானே செய்வார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம்.

போன வருடம் இந்த விவகாரம் வெடித்தபோது அக்காவுக்கு ஐம்பத்தாறு. ஓஸ்வால்ட் அண்ணா ஸ்டோர் கீப்பராக இருந்த ஃபேக்டரி சில வருடம் முன்பே கதவைச் சாத்திவிட்டது. நிக்கோல் நர்சிங் கடைசி வருடத்துக்கு முந்தின வருடம். ஐம்பத்தெட்டு வரை இந்த வேலை நிலைத்தால் போதும், அதற்குள் பெண் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுவாள் என்பதுதான் அக்காவின் திட்டம். அவர் வேலையோ ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுப்பித்தால் உண்டு.

வியாழக்கிழமை என்றால் நூற்று நாற்பது பக்கத்து உதாரணங்களையும் வரிசையாக ஓட்டிப் பார்ப்பார். ஒன்று ஓடவில்லை என்றால் அஷ்வினுக்குப் போன் போகும். அஷ்வின் நாமக்கல் பக்கத்துப் பையன், புரோகிராம் எழுதுகிற கூட்டத்துக்குத் தலை. கெட்டிக்காரன். வாயைத் திறந்து ஒன்றைச் சொல்வதுதான் வராது.

"அஷ்வின், ரிமைண்டர் அனுப்புறதுல எதையாவது தொட்டியா?"

"இல்லையேக்கா."

"தொடாமலேயா என் பக்கம் ஓட மாட்டேங்குது? நேத்து வரைக்கும் ஓடிச்சு."

"ஓ, அதுவா. அது சின்ன சேஞ்ச்க்கா. முன்னாடி நம்பர் முதல்ல, மெசேஜ் ரெண்டாவது கொடுக்கணும். இப்ப மெசேஜ் முதல்ல. அதான் லாஜிக்."

"யாருகிட்ட சொன்ன?"

"புரோகிராம் கோடைப் பார்த்தாலே தெரியுமேக்கா."

"கோடைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறவன் என் பக்கத்துக்கு எதுக்குப்பா வரான்? வழி தெரிஞ்சவனா ஆட்டோக்காரனை விசாரிப்பான்?"

இப்படி வியாழனில் மாட்டிக்கொண்டு முழிப்பதைவிட முன்னாடியே தெரிந்துகொள்ள அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஆபீஸுக்குப் போகிற மூன்று நாளும் பையன்களோடு கீழே டீக்கடைக்குப் போவார். அவருக்கு டீ ஒத்துக்காது, வயிற்றில் எரிச்சல். ஒரு டம்ளர் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பையன்கள் எழுதி வைக்க மாட்டார்களே தவிர, டீ குடிக்கும்போது பெருமை அடிப்பார்கள். நான் அதைத் தூக்கிட்டேன், நீ இதை மாத்திட்டியா என்று ஒருத்தனை ஒருத்தன் மிஞ்சுவார்கள். அக்கா மேலே வந்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். அத்தனை பெரிய கம்பெனியின் பக்கங்கள் இத்தனை வருடம் சரியாக இருந்தது ஒரு டம்ளர் வெந்நீரால்தான்.

இவ்வளவு ஒழுங்கான மனுஷி செய்த ஒரே ஒரு தப்புதான் இந்தக் கதை.

சேர்ந்த முதல் வாரம் அது. மெசேஜ் அனுப்புகிற உதாரணத்தை ஓட்டிப் பார்க்க நிஜமான போன் ஒன்று வேண்டும். அக்காவின் போன் ரிசப்ஷன் லாக்கரில். அந்த ஆபீஸில் அப்போது அப்படி ஒரு சட்டம். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் புருஷன் நம்பர். போட்டார். பெயர் கேட்ட இடத்தில் ஓஸ்வால்ட் என்று போட்டார். "அன்புள்ள ஓஸ்வால்ட், நாளை காலை 10.30க்கு உங்கள் அப்பாயின்ட்மென்ட் உறுதி." ஃபேக்டரியிலிருந்து அண்ணா ஆபீஸ் லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டு, "வந்துடுச்சு ஜூலி" என்றார். ஓடிவிட்டது. ஓடிய உதாரணம் அப்படியே, நம்பரும் பெயருமாக, அப்போது புதுசாக வந்த இரண்டாம் வெர்ஷன் பக்கத்தில் ஏறிவிட்டது. பொய் நம்பர் போட்டிருந்தால் அது ஓட்டிப் பார்த்த உதாரணம் ஆகாதே!

உலகத்தில் புரோகிராம் எழுதுகிறவன் பக்கத்தைப் படிப்பதில்லை, அதில் இருக்கிற உதாரணத்தை அப்படியே வாரிக்கொண்டு போகிறான் என்பது அக்காவுக்கு அப்போது தெரியாது. வாரியதை ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பான். ஓடினால் பிறகு அதை அழிக்கக்கூட மாட்டான், அப்படியே மூலையில் விட்டுவிடுவான். அவன் புரோகிராம் ஓடுகிற கிளினிக்கில் கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் முதல் மெசேஜ் ஜீவனஹள்ளிக்கு வரும். அடியில் கிளினிக்கின் பெயரும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

அண்ணா இதையெல்லாம் மனைவியின் டெஸ்ட் என்றே நினைத்து இரண்டு வருடம் ஒவ்வொன்றுக்கும் அக்காவுக்குக் கடமையாக "வந்துடுச்சு" என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தார். அக்காவோ, மனுஷனுக்கு என்மேல் என்ன அக்கறை, எப்போதோ அனுப்பினதற்கு இப்போது சொல்கிறார் என்று இருந்துவிட்டார். ஒரு நாள் ஹுப்பள்ளியிலிருந்து ஒரு பிரசவ ஸ்கேன் சென்டர் மெசேஜ் வந்திருந்தது. அண்ணா அதை வாசலில் நின்று என்னிடம் காட்டினார்.

"எத்தனாவது மாசம்ணா?" என்று கேட்டேன்.

"உனக்கு வாய் ஜாஸ்தி வனஜா" என்று சிரித்தார்.

மூன்றாம் வருடம் பக்கத்துக் காக்ஸ் டவுனிலேயே ஒரு பல் கிளினிக்கிலிருந்து வந்தது. அண்ணாவுக்கு அந்த வாரம் நிஜமாகவே பல்வலி. மனைவி சொல்லாமலே அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறாள் என்று நெகிழ்ந்து, அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி சட்டையோடு போய் உட்கார்ந்துவிட்டார். லிஸ்டில் பெயர் இல்லை. மெசேஜைக் காட்டினார். உள்ளேயிருந்து கம்ப்யூட்டர் பையன் வந்து பார்த்துவிட்டு, "சார், இது சும்னே, சும்மா ஸாம்பிள் சார்" என்றானாம்.

வீட்டுக்கு வந்து, "ஜூலி, நான் ஸாம்பிளாம்" என்றார். கன்னம் வேறு வீங்கியிருந்தது.

அன்றுதான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது. புது வெர்ஷன் பக்கங்களில் ஒரே நாளில் மாற்றிவிட்டார். ஆனால் இரண்டாம் வெர்ஷன் பக்கத்தைத் தொட முடியவில்லை. ஒரு வெர்ஷன் வெளியே போய்விட்டால் அதன் பக்கங்களைப் பூட்டிவிட வேண்டும், பழைய மாவு வாங்கினவனுக்குப் பழைய பின்பக்கம்தான் சரி, அதை யாரும் மாற்றக் கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி. அந்த விதியை ஆறு மாதம் எல்லாரோடும் சண்டை போட்டுக் கொண்டுவந்ததே ஜூலியா அக்காதான். பூட்டைத் திறக்க வேண்டுமானால் காரணத்தை எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதையும் அவரே வைத்திருந்தார். என்ன காரணம் எழுதுவது? என் புருஷன் நம்பரை ஊருக்கே போட்டுக் கொடுத்துவிட்டேன் என்றா? பேசாமல் இருந்துவிட்டார். இன்டர்நெட்டில் தேடினால் எப்போதும் பழைய பக்கம்தான் முதலில் வந்து நிற்குமாம். அதனால் நாலு, ஐந்து என்று வெர்ஷன் போய்க்கொண்டே இருந்தாலும் அண்ணாவுக்கு அப்பாயின்ட்மென்ட் வந்துகொண்டே இருந்தது.

போன வருடம் மார்ச்சில் எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். அக்கா வீட்டு இன்டர்நெட் கேபிள் அறுந்தது, எங்களுடையது தப்பித்தது. அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். மேனேஜர் தீபிகாவோடு மீட்டிங். தீபிகா ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், அக்காவைவிட இருபது வயது சின்னவள். கெட்ட பெண் இல்லை. நல்ல சேதி என்றால் தமிழில் பேசுவாள், கத்தி எடுக்கும்போது இங்கிலீஷ். அன்று ஆரம்பமே இங்கிலீஷ். கேமரா பார்க்காத பக்கம் உட்கார்ந்து நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தீபிகாவுக்கே பாவமாகிவிட்டதோ என்னவோ, தமிழுக்கு வந்தாள்.

"பர்சனலா எடுத்துக்காதீங்க ஜூலியா. டாக்ஸை, அதான் நீங்க எழுதுற பக்கத்தை, யாரும் படிக்கறதில்ல. ஏப்ரல்ல இருந்து ஒரு டூல் அதை எழுதிடும். புரோகிராம் கோடுக்கு மேல நம்ம டீம் குறிப்பு மாதிரி கமென்ட் எழுதுறாங்க இல்ல, அதை எடுத்து அதுவே பக்கம் போட்டுக்கும்."

"அஷ்வின் கமென்ட் எழுதுறானா?"

திரையில் இன்னொரு கட்டத்தில் இருந்த அஷ்வின் காதில் மாட்டியதைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டான்.

"எழுதுவாங்க" என்றாள் தீபிகா. "அப்புறம் மெசேஜ் அனுப்புற ரெண்டாம் வெர்ஷன் சர்வரையும் முப்பத்தொண்ணாம் தேதி ஆஃப் பண்றோம். யூஸர்ஸ் ஜீரோ."

"ஜீரோவா? யார் சொன்னா?"

"டாஷ்போர்ட் சொல்லுது."

எண்ணிக்கை காட்டுகிற அந்த டாஷ்போர்டு மூன்றாம் வெர்ஷனுக்குப் பிறகு வந்தது என்று அக்கா பிறகு எனக்குச் சொன்னார். இரண்டாவதை எண்ணுகிற வசதியே அதில் கிடையாது. எண்ணத் தெரியாததைப் பூஜ்யம் என்று போட்டு வைத்திருக்கிறது. பழைய சர்வரில் ஏறி எண்ணிப் பார்க்கலாம்தான். அதைக் கட்டினவன் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டான், தொட்டால் விழுந்துவிடும் என்று யாரும் கிட்டவே போவதில்லை.

"உங்க ரெக்கார்ட் ரொம்ப க்ளீன்" என்று தீபிகா இன்னும் இறங்கி வந்தாள். "அதனால சப்போர்ட் டீம்ல உங்களுக்கு ஒரு சீட் கேட்டிருக்கேன். வரும்னு நெனைக்கிறேன். நீங்க கடைசியா ஒரே ஒரு பக்கம் மட்டும் எழுதிக் கொடுங்க. ரெண்டாம் வெர்ஷனை இப்போ யாரும் யூஸ் பண்ணலை, அதனால நிறுத்தறோம்னு. நாலு வரி போதும்."

எனக்கு மூச்சு வந்தது. சீட் கிடைக்கிறது, சர்வர் போகிறது, அதோடு அண்ணாவின் மெசேஜும் போகிறது, ஒன்பது வருடத்துத் தப்பு தானாக மண்ணுக்குள் போகிறது. நாலு வரி எழுதிவிட்டு எழுந்து வர வேண்டியதுதானே? நான் கத்தியால் மேஜையைத் தட்டி, எழுதுங்க எழுதுங்க என்று சைகை காட்டினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்த வரி ஓடாது தீபிகா" என்றார்.

"ஓடாதுன்னா?"

"யாரும் யூஸ் பண்ணலைன்னு எழுதச் சொல்ற. பண்றாங்க. இன்னிக்குக் காலையில மட்டும் மூணு பேர்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரர் போனுக்கு வருது."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். நம்பர், பெயர், லாக்கர், பூட்டு, ஒன்றையும் விடவில்லை. ஒருத்தி தன் தலையில் தானே மண் அள்ளிப் போடுவதை நான் அதுவரை டிவியில்தான் பார்த்திருந்தேன். தீபிகா போனைப் பார்க்க வேண்டும் என்றாள். நான் சந்துப் பக்கம் குரல் கொடுத்தேன். ஓஸ்வால்ட் அண்ணா லுங்கியோடு வந்தார், போனை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. கேமரா முன்னால் கண்ணாடி போட்டு நின்று, சர்ச்சில் பைபிள் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"அன்புள்ள ஓஸ்வால்ட், நாளை காலை பத்தரை. சேலம், தோல் வைத்தியம். அன்புள்ள ஓஸ்வால்ட், நாளை காலை பத்தரை. மங்களூர், முடி நடுறாங்க. அன்புள்ள ஓஸ்வால்ட்..."

"எத்தனை வருஷமா சார் இது?" என்று கேட்டாள் தீபிகா.

"ஒன்பது மேடம். ஒண்ணும் டிஸ்டர்பன்ஸ் இல்ல. நாளைக்குப் பத்தரைக்கு ஒரு வேலை இருக்குன்னு இருந்தா மனுஷனுக்கு நல்லதுதானே?"

அஷ்வின் தன் படத்தை அணைத்துவிட்டான். சிரித்தானோ அழுதானோ தெரியாது.

ஒரு வாரம் கழித்து ஒரே மெயிலில் இரண்டு கடிதம் வந்தது. முதலாவது, சொந்த நம்பரை வெளியிட்டதற்கு எச்சரிக்கை, ரெக்கார்டில் கறுப்புப் புள்ளி. சப்போர்ட் டீம் சீட் அதோடு போயிற்று. இரண்டாவதை அக்கா எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். இரண்டாம் வெர்ஷனில் இருக்கிறவர்களைக் கண்டுபிடித்து ஐந்தாம் வெர்ஷனுக்கு அழைத்து வர வேண்டும். யார் யார் என்பதற்கு கம்பெனியிடம் வேறு ஆதாரம் இல்லாததால், திரு. ஓஸ்வால்டின் போனை ஆதாரமாகக் கொள்ளலாம், கடைசி ஆள் மாறும் நாள் வரை ஜூலியாவின் வேலை தொடரும், அன்றோடு முடியும்.

"அதாவது, வேலையை ஒழுங்கா முடிச்சா வேலை போயிடும்" என்றேன்.

"அப்படித்தான் போட்டிருக்காங்க."

"அப்ப மெதுவா பண்ணுங்கக்கா. மொத்தம் எத்தனை?"

"பத்தொன்பது."

"மாசத்துக்கு ஒண்ணு. பத்தொன்பது மாசம். ஐம்பத்தெட்டு கிட்ட வந்துடும். கணக்கே உங்களுக்காகப் போட்ட மாதிரி இருக்கு."

"நடுவுல அந்தப் பழைய சர்வர் படுத்துடுச்சுன்னா, அத்தனை நோயாளிக்கும் மெசேஜ் போகாது. யாரு பொறுப்பு? நீயா?"

எனக்கென்ன வந்தது? அடுப்பைப் பார்க்கப் போனேன்.

அக்கா ஒரு பக்கம் எழுதினார். இரண்டிலிருந்து ஐந்துக்கு எப்படி வருவது, எது பேர் மாறியது, எது இடம் மாறியது, எதை எடுத்துவிட்டார்கள் என்று ஒவ்வொன்றும் ஓட்டிப் பார்த்து எழுதியது. அவர் எழுதினதிலேயே அதுதான் உத்தமமான பக்கம் என்று அஷ்வினே ஒத்துக்கொண்டான். பிறகு போனில் வந்த பெயர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொரு கிளினிக்காகப் பேசினார். பக்கத்தைப் பார்த்தவர்கள் ஒரு மணி நேரத்தில் மாறிவிட்டார்கள். மங்களூர்க்காரன் இவ்வளவு சுலபமா என்று நன்றி சொல்லி மெயில் போட்டான். இரண்டு மாதத்தில் பதினெட்டுப் பேர் முடிந்தது. தெளிவாக எழுதத் தெரிந்தவள் வேறு எப்படி வீணாய்ப் போவாள்?

அந்த டூலும் சும்மா இருக்கவில்லை. ஐந்தாம் வெர்ஷனுக்குத் தானே பக்கம் போட்டது. அஷ்வின் கூட்டம் கோடுக்கு மேல் எழுதியிருந்த ஒரே கமென்ட், அப்புறம் சரி பண்ணணும் என்பது. டூல் அதை அழகான எழுத்தில் அறுபது இடத்தில் வெளியிட்டது. அதைப் பார்த்த அக்கா, யாரும் கேட்காமலே தன் வியாழக்கிழமை ஓட்டத்தைத் தொடர்ந்தார்.

மிஞ்சியது ஒரே ஒரு ஆள். ஆனேக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கால்நடைக் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் முனிராஜு. தினமும் காலை எட்டு நாற்பதுக்கு அங்கிருந்து மெசேஜ் வந்துவிடும். போனில் மூன்று தரம் பேசியும் அவர் பிடி கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அக்கா பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரிலேயே கிளம்பினார். நானும் கூடப் போனேன். இந்த அம்மாவைத் தனியாக விட்டால் தன் வேலையை அங்கேயே முடித்துவிட்டு வந்துவிடும் என்ற பயம் எனக்கு.

டாக்டர் ஒரு ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, கறுத்த மீசை. கம்ப்யூட்டருக்கு பூப் போட்ட பிளாஸ்டிக் உறை. புரோகிராம் எழுதியது டாக்டரின் சொந்த அக்கா பையன், இப்போது கனடாவில்.

"யாக்கம்மா, எதுக்கு மாத்தணும்? ஓடுதில்ல?" என்றார். "நல்லா கறக்கற மாட்டுக்கு எவனாவது மடியை மாத்துவானா?"

"இது பழசு டாக்டர். நீங்க ஒருத்தர்தான் இதுல பாக்கி. உங்களுக்காகத்தான் அந்த சர்வரையே வச்சிருக்காங்க."

"நான் மாத்தலேன்னா?"

பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு வராது. "வச்சிருப்பாங்க" என்றார்.

"அப்போ சரி. வச்சிருக்கட்டும்."

எனக்கு அந்த மனுஷன் காலில் விழலாம் போல இருந்தது. அக்கா விடவில்லை. பேப்பரைப் பிரித்து, அவருடைய புரோகிராமின் முதல் வரியிலேயே ஒரு ஸாம்பிள் மெசேஜ் இருக்கிறது, அதை முதலில் எடுத்துவிட வேண்டும் என்று காட்டினார். டாக்டர் ஆட்டை விட்டுவிட்டு எழுந்தார்.

"ஓஸ்வால்டையா? பேடம்மா, வேணாம்! அதைத் தொடவே கூடாது. காலையில மிஷினைப் போட்டதும் முதல்ல ஓஸ்வால்டுக்குத்தான் போகும். அது போன நாளெல்லாம் கேஸ் நிக்காம வருது. ஒரு நாள் நெட் இல்லாம அது போகலை, அன்னிக்கு ஒரு கோழி கூட வரலை. அது எனக்குப் போணி."

"டாக்டர், அது என் வீட்டுக்காரர்."

அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் காபி வந்தது. கூடவே அண்ணாவுக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழம்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே அக்கா ரிப்போர்ட் எழுதினார். ஒரு யூஸர் மாற மறுக்கிறார், காரணம்: போணி. வேறு ஏதாவது கௌரவமாக எழுதுங்கள் என்றேன். அவர் சொன்னதைத்தான் எழுத முடியும் என்றார். தீபிகாவும் அதை மேலே அனுப்பினாள். போணிக்கு எதிராக என்ன செய்வது என்று கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. இந்த வருட ஏப்ரலில் வேலை மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. நிக்கோல் கடைசி வருடத்துக்கு வந்தாள். மாதம் ஒரு தரம் அக்கா ஆனேக்கலுக்குப் போன் செய்து மனசாரக் கெஞ்சுவார். டாக்டர் மனசார மறுப்பார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று முனிராஜு டாக்டரின் ஆயுசுக்கு வேண்டிக்கொள்வேன்.

போன வியாழக்கிழமை டாக்டரே கூப்பிட்டார். கனடா பையன் டிசம்பரில் வருகிறானாம். மாமா, இந்தப் பழசை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய், நான் மாற்றித் தருகிறேன், புதுசிலும் உன் ஓஸ்வால்டுக்கு முதல் மெசேஜ் போகிற மாதிரி செய்கிறேன் என்று சொல்லிவிட்டானாம். அந்தப் பேப்பரில் இருந்ததை அவனுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

"ரொம்ப நல்லது டாக்டர். இன்னிக்கே அனுப்புறேன்" என்றார் அக்கா.

அனுப்புவதற்கு முன்னால், வழக்கம்போல, முழுப் பக்கத்தையும் ஒரு தரம் ஓட்டினார். ஏழாவது வரியில் நின்றுவிட்டது. அஷ்வின் காலையில் ஏதோ சின்ன சேஞ்ச் செய்திருக்கிறான். சந்து வழியாக அக்காவின் முகம் எனக்குத் தெரிந்தது.

"அப்படியே அனுப்பிடுங்கக்கா" என்றேன். "அவன் டிசம்பர்ல வந்து போட்டுப் பார்ப்பான், ஓடாது. லீவு முடிஞ்சா பிளேன் ஏறிடுவான். அப்புறம் அவன் வர ரெண்டு வருஷம். உங்களுக்கு ஐம்பத்தெட்டு தாண்டிடும், நிக்கோலுக்கு வேலை. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இருந்தாலே போதும்."

மாவில் எச்சில் துப்பச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

"ஓடலைன்னு தெரிஞ்சும் அனுப்பவா?"

"உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"அதான் வனஜா, எனக்குத் தெரியுதே."

அஷ்வினைக் கூப்பிட்டார், திட்டினார், என்ன மாற்றினான் என்று கறந்தார். ஏழாவது வரியைத் திருத்தினார். மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். ஓடியது. கனடாப் பையனுக்குப் புரியாமல் போய்விடப் போகிறதே என்று ஓரத்தில் இரண்டு வரி விளக்கமும் சேர்த்து அனுப்பினார். எல்லாம் பதினைந்து நிமிஷம்தான்.

டிசம்பர் வரை வேலை உறுதி. பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பிறகு பார்த்துக்கலாம், இப்போது வியாழக்கிழமைக் கணக்கில் இன்னும் அறுபது உதாரணம் பாக்கி இருக்கிறது என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.